டி.ஏ.எஃப். தொட்டியில் (நுண்குமிழியால் கழிவுநீர்க் கசடை மிதக்க வைக்கும் தொட்டி) கசடு மிதக்காமல் அடியில் போகுது

கேள்வி: தைப்பிங் பக்கம் செம்பனை எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை. சாச்சுரேட்டர் (தண்ணீரில் காற்றை அழுத்திக் கரைக்கும் கலன்) அழுத்தம் 5 பார், மறுசுழற்சி 20%. பெரிய குமிழியா கொப்பளிக்குது, வெளியேறும் தண்ணீர் கலங்கல். மலேசியக் கழிவுநீர் விதியின் ஸ்டாண்டர்ட் பி-க்கு எண்ணெய், கிரீஸ் 10 மி.கி./லி. தாண்டக்கூடாதே. என்ன செய்யலாம்?

பதில் 1: அண்ணே, சாச்சுரேட்டர் தண்ணியைக் கண்ணாடி கிளாசில் பிடிங்க. பால் மாதிரி வெளுத்து, அடியிலிருந்து மெல்லத் தெளியணும். சில நிமிடம் பிடிக்கும். நொடியில் தெளிஞ்சா காற்று கரையல. கலனில் நீர்மட்டம் ஏறியிருக்கும், இல்லாட்டி அழுத்தம் குறைக்கும் வால்வில் கசடு அடைச்சிருக்கும். குமிழி 30–100 மைக்ரான் இருக்கணும். பெருசானா திரளையை (கசடுத் துகள் ஒட்டின கட்டியை) உடைச்சிடும்.

பதில் 2: தண்ணி சூடு எவ்வளவு? சூடு ஏற ஏறக் காற்று கரையாது. 40 டிகிரிக்குக் கீழே ஆற விட்டு அனுப்புங்க. கசடைத் திரட்ட ஆலம் போட்டா பி.ஹெச். 6–7க்குள் வச்சு ஜார் டெஸ்ட் (ஜாடிகளில் வேற வேற அளவு மருந்து போட்டுப் பார்க்கிறது) பண்ணுங்க. திரளையை ஒட்ட வைக்கிற பாலிமரை அள்ளிக் கொட்டினா வழவழன்னு ஆகிடும், அதுவும் மிதக்காது.

பதில் 3: ஸ்கிம்மரை (மேல் கசடை வழிக்கிற கருவி) வேகமா ஓட்டாதீங்க லா, மேல் கசடு உடைஞ்சு திரும்ப இறங்கிடும். அடிக்கசடையும் நாள்தோறும் திறந்து விடுங்க.