மறு: வளர்ப்புப் பல்லிகளின் எலும்பு நோய் – 'என்புச் சுண்ணமிழப்பு' பொருந்துமா?

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம். வளர்ப்புப் பல்லிகளின் எலும்பு மென்மையாகி வளையும் நோயை ஆங்கிலத்தில் 'metabolic bone disease' என்கிறார்கள். அதற்கு 'என்புச் சுண்ணமிழப்பு' (எலும்பு தன் கால்சியத்தை இழத்தல்) என்ற தமிழ்ப்பெயர் பொருந்துமா என்ற நம் உரையாடலில் எழுந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

> 'வளர்சிதைமாற்ற எலும்பு நோய்' என்பதே போதாதா? மூலச்சொல்லுக்கு நேரானதுதானே?

நேரானதுதான். ஆனால் மூலச்சொல்லே பல நோய்களுக்கான பொதுப்பெயர். பேரோந்தி (இகுவானா), தாடி ஓந்தி, பச்சோந்தி முதலிய வளர்ப்பு உயிரிகளில் நாம் பெரிதும் காண்பதோ அவற்றுள் குறிப்பிட்ட ஒன்று. நரம்பும் தசையும் இதயமும் இயங்க இரத்தத்தில் சுண்ணாம்புச்சத்து (கால்சியம்; சுருக்கமாகச் சுண்ணம்) குறிப்பிட்ட அளவில் இருந்தாக வேண்டும். அது குறையும்போது இணைத்தைராய்டுச் சுரப்பிகள் மிகையாகச் சுரந்து, எலும்பைக் கரைத்து இரத்தத்தை நிரப்புகின்றன. கரைந்த இடத்தில் நார்த்திசு வளர்வதால் தொடை திரண்டு காணப்படுகிறது. வளர்ப்பவர் அதைக் கொழுமை என்று மகிழ்கிறார். கீழ்த்தாடையை விரலால் மெல்லத் தொட்டால் அது ரப்பரைப் போல வளைந்து கொடுக்கும்.

> 'சுண்ணக்குறை எலும்பு நோய்' எளிமையாக இருக்கிறது.

எளிமைதான், ஆனால் அந்தப் பெயர் தவறான சிகிச்சைக்கு வழிகாட்டும் என்று அஞ்சுகிறேன். குறை சுண்ணத்தில்தான் என்று படிப்பவர், தீனியில் கால்சியம் பொடியைத் தூவிவிட்டு அத்துடன் கடமை முடிந்ததாகக் கருதுவார். உணவில் கால்சியம் பாஸ்பரஸைப் போல ஏறத்தாழ இரு மடங்கு இருக்க வேண்டும். இரையாகக் கொடுக்கும் சிள்வண்டிலும் மாவுப்புழுவிலும் பாஸ்பரஸே பல மடங்கு மிகுதி. பசலை போன்ற கீரைகளில் உள்ள ஆக்சலேட்டோ இருக்கும் கால்சியத்தையும் பிணைத்துக்கொள்கிறது. இவை எல்லாவற்றையும் சரிசெய்தாலும், வைட்டமின் டி3 இல்லாவிடில் குடல் கால்சியத்தைப் போதிய அளவு உறிஞ்சாது. பகலில் வெயில் காயும் பல்லிகள் அந்த வைட்டமினைப் பெரும்பாலும் தம் தோலிலேயே உண்டாக்குகின்றன. அதற்கு 280 முதல் 315 நானோமீட்டர் வரையிலான புறஊதா 'பி' கதிர் தோலில் பட வேண்டும், உடலும் போதிய வெப்பத்தில் இருக்க வேண்டும். சன்னல் கண்ணாடி இக்கதிரைப் பெரிதும் தடுத்துவிடும் என்பதும், புறஊதா விளக்கு கண்ணுக்குப் பளிச்சென எரிந்துகொண்டிருக்கும்போதே அதன் 'பி' கதிர் தேய்ந்துபோகும் என்பதும் வளர்ப்போர் பலருக்குத் தெரிவதில்லை. ஆக, குறை தீனியிலும் இருக்கலாம், ஒளியிலும் இருக்கலாம், வெப்பத்திலும் இருக்கலாம். உடலில் நிகழ்வது மட்டும் ஒன்றே: எலும்பு தன் சுண்ணத்தை இழக்கிறது. பெயர் அந்நிகழ்வைச் சொல்ல வேண்டும் என்பதே என் வாதம்.

'என்புருக்கி' என்று ஒருவர் எழுதியிருந்தார். ஓசை நயம் இருக்கிறது; ஆனால் அது காசநோய்க்கு நெடுங்காலமாக வழங்கிவரும் பெயராயிற்றே. 'எலும்புப்புரை'யும் வேறொரு நோய்க்கு (ஆஸ்டியோபோரோசிஸ்) உரியதாகிவிட்டது.

எனவே 'என்புச் சுண்ணமிழப்பு' என்பதை முன்மொழிகிறேன். இதில் முன்னொட்டுச் சேர்க்க இடமுண்டு என்பது கூடுதல் நன்மை: ஊட்டம்சார் என்புச் சுண்ணமிழப்பு, சிறுநீரகம்சார் என்புச் சுண்ணமிழப்பு. இந்தப் பிரிவு வெறும் சொல்லழகுக்காக அன்று. சிறுநீரகம் பழுதான முதிய பல்லியில் பாஸ்பரஸ் வெளியேறாமல் இரத்தத்தில் ஏறி நிற்கும்; முதல் வகை என்று எண்ணிக் கால்சியத்தையும் டி3-ஐயும் அள்ளிக் கொடுத்தால், அது எலும்பில் சேராமல் இரத்தக்குழாய்களிலும் உள்ளுறுப்புகளிலும் படியக்கூடும்.

'இழப்பு' என்ற சொல் சிகிச்சையின் வரிசையையும் விளக்க உதவுகிறது. விரல்கள் துடித்து, உடல் நடுங்கி, வலிப்புடன் வரும் பல்லிக்கு மருத்துவர் முதலில் கால்சியம் ஊசி போடுகிறார். நிலை தணிந்தபின் வாய்வழி மருந்தும் ஒளியும் வெப்பமும் தொடர்கின்றன. எலும்பு கரைவதை நிறுத்தும் கால்சிடோனினைத் தொடக்கத்திலேயே கொடுப்பதில்லை. இரத்தம் அப்போது எலும்பிலிருந்து பெறும் சுண்ணத்தை நம்பியே இருக்கிறது. அவ்வழியை அடைத்தால் இரத்தக் கால்சியம் மேலும் சரிந்து உயிருக்கே கேடாகும். எனவே இரத்த அளவு சீரான பின்னரே அம்மருந்து. அதுவரை கூண்டில் உயரமான கிளைகளை அகற்றி, பல்லியைத் தூக்குவதையும் குறைக்க வேண்டும், ஏனெனில் மெலிந்த எலும்பு சிறு வீழ்ச்சியிலேயே முறிந்துவிடும். வளைந்து இறுகிய தாடையும் முதுகும் பெரும்பாலும் பழைய வடிவுக்குத் திரும்புவதில்லை.

'எலும்பு' இருக்க 'என்பு' எதற்கு என்ற கேள்வி வரும். கூட்டுச்சொல்லில் அது சுருங்கி நிற்கிறது. ஈழத்துப் பாடநூல்களில் இன்றும் பயின்று வருவதால் வழக்கொழிந்த சொல்லும் அன்று.

துணைச்சொற்கள் இரண்டு வேண்டும். ரப்பர் போன்ற அந்தத் தாடைக்கு 'நெகிழ்தாடை' எனலாம். இரைப்பூச்சிகளைப் பல்லிக்குக் கொடுப்பதற்கு ஓரிரு நாள் முன்பிருந்தே அவற்றுக்குச் சத்துணவு கொடுத்துவைக்கும் முறைக்கு 'இரையூட்டம்' என்று எழுதிப் பார்த்தேன். பல்லிக்கு இரை ஊட்டுவது என்றும் அது பொருள்படுவதால் எனக்கே நிறைவில்லை. இதற்கு மேலான சொல் தோன்றினால் எழுதுங்கள்.