மணலியில் பழைய மல்ட்டிமோட் ஃபைபர்: மோட் கண்டிஷனிங் கார்டு (லேசருக்கும் ஃபைபருக்கும் நடுவே மாட்டும் இணைப்புக் கேபிள்) யாரிடமாவது இருக்கிறதா?

நண்பர்களே, மணலியில் எங்கள் கிடங்குகள் இரண்டுக்கும் நடுவே சுமார் 400 மீட்டருக்குப் பழைய ஆரஞ்சு நிற மல்ட்டிமோட் ஃபைபர் (ஒளி பல பாதைகளில் போகும் வகை) ஓடுகிறது, கோர், அதாவது ஒளி போகும் உள்பகுதி, 62.5 மைக்ரான். எல்இடி வைத்த 100 எம்பிபிஎஸ் கருவியில் வருடக்கணக்காகத் தொல்லையே இல்லை. இப்போது மாற்றியிருப்பது கிகாபிட் ஈதர்நெட்டின் எல்எக்ஸ் வகை, 1310 நானோமீட்டர் லேசர். லிங்க் விளக்கு பச்சையாக எரிகிறது, பவர் மீட்டரிலும் குறையில்லை. ஆனால் சிஆர்சி எர்ரர் (தரவு சிதைந்து வருவதைக் காட்டும் பிழை) கொட்டுகிறது.

எனக்கென்னவோ இது பேண்ட்வித் கோளாறுதான். லேசர் கோரின் நட்டநடுவில் விழுந்தால் சில மோடுகளில் (ஒளிப்பாதைகளில்) மட்டுமே ஒளி ஏறும். பழைய ஃபைபரில் அந்த நடுப்பகுதியில்தான் ஒளிவிலகல் எண் சீராக இருக்காது. ஒரே துடிப்பு முன்னும் பின்னுமாகப் பிளந்து வந்து சேரும். மையத்திலிருந்து 20 மைக்ரான் போலத் தள்ளிச் செலுத்தினால் அடங்கும். மோட் கண்டிஷனிங் கார்டு செய்வது அதைத்தான். போட்டால் எல்எக்ஸ் 550 மீட்டர் வரை போகும் என்கிறது தரநிலை.

கடையில் கேட்டால் சாதாரண பேட்ச் கார்டை நீட்டி, "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்கிறார்கள்! புதிதாகச் சிங்கிள்மோட் (ஒரே ஒளிப்பாதை) ஃபைபர் இழுக்கச் சொல்லாதீர்கள். டேங்கர் லாரி ஓடும் சாலையைத் தோண்ட வேண்டும்.

முனைக்கு ஒன்றாக இரண்டு, எஸ்சி-எல்சி கனெக்டர் வைத்தது வேண்டும். 50 மைக்ரானுக்கானது சரிவராது, தள்ளும் அளவே வேறு. திருவொற்றியூர், மாதவரம் பக்கம் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், சோதித்துப் பார்க்க இரவல் தந்தாலும் போதும்.