கடை போர்டில் 'கேட்ஜெட்' என்று எழுதலாமா?

வண்ணை ரிப்பேர்:
பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில் தம்பி கடை போடுகிறான். செல், புளூடூத் ஸ்பீக்கர், ஸ்மார்ட் வாட்ச், பவர் பேங்க் எல்லாம் பழுது பார்ப்பான். போர்டில் 'கேட்ஜெட் சர்வீஸ்' என்று போடணும் என்கிறான். அப்பாவுக்கு அந்த வார்த்தையே புரியவில்லை. அதற்கு என்னதான் அர்த்தம்? தமிழில் எப்படி எழுதுவது? பெயின்டர் சனிக்கிழமை வருகிறார்.

தண்டையார்பேட்டை டீச்சர்:
'கருவி' இருக்கும்போது எதற்குத் தம்பி கடன் வாங்கணும்? உளியும் கருவி, வீணையும் கருவி. மூன்றாம் வேற்றுமையில் 'கருவிப்பொருள்' என்றே பாடம் நடத்துகிறோம். 'கருவிகள் பழுது பார்க்கப்படும்' என்று எழுதுங்கள். படிக்கிறவர்களுக்குப் புரியும்.

பஜார் கடைக்காரன்:
டீச்சர், மன்னிக்கணும். பர்மா பஜாரில் இருபது வருஷமாக நிற்கிறேன். ஒருத்தர்கூட 'கருவி இருக்கா' என்று கேட்டதில்லை. காலேஜ் பிள்ளைகள் கேட்ஜெட் என்றுதான் கேட்கிறார்கள். அதோடு, அது ஒரு ஆளின் பெயர். நியூயார்க் சுதந்திர தேவி சிலையைப் பாரிஸில் செய்த கம்பெனியில் 'கஜே' என்று ஒரு முதலாளி இருந்தார். குட்டிச் சிலைகளில் அவர் பெயரைப் போட்டு விற்றார்களாம், அதிலிருந்து வந்த சொல். ஆள் பெயரை எப்படி மொழிபெயர்ப்பீர்கள்?

காசிமேடு லாஞ்சு:
அண்ணே, அந்தக் கம்பெனி உண்மை. சொல் பிறந்த கதைதான் நிற்காது. சிலை திறந்தது 1886 அக்டோபர் 28. அதே 1886இல் வந்த ஒரு ஆங்கிலப் புத்தகத்திலேயே இந்தச் சொல் அச்சாகியிருக்கிறது. தேயிலைக் கப்பலில் சீனா போய்த் திரும்பிய ஒரு மாலுமிப் பையனின் பயணக் குறிப்பு அது. பேர் வாயில் வராத சாமானுக்குக் கப்பல்காரர்கள் சொல்லும் வார்த்தைகள் என்று ஒரு வரிசை கொடுக்கிறது, அதில் இதுவும் ஒன்று. சிலை திறந்த வருஷத்திலேயே கப்பல்காரர்களிடம் பழகிப்போன சொல்லாக இருக்கிறது என்றால், அதற்கு முன்பே கடலில் புழங்கியிருக்கணும். பூட்டுக்குள் இருக்கும் சின்ன நாக்குக்குப் பிரெஞ்சில் 'காஷெத்' என்பார்கள், அதிலிருந்து வந்திருக்கலாம் என்றும் ஒரு கருத்து உண்டு.

எனக்கு இது அந்நியமாகவே தெரியவில்லை. எங்கள் மீன்பிடி லாஞ்சில் டிரைவர் ஸ்டியரிங்கை விடாமல் கையை நீட்டி, "அந்த சாமானை எடு" என்பார். ஒரு நாள் அது ஸ்பானர், ஒரு நாள் டார்ச். பக்கத்தில் நிற்கிறவனுக்கு எது என்று தெரியும். கப்பல்காரன் சொன்ன கேட்ஜெட் நம்ம ஊர் 'சாமான்'தான்.

பெரம்பூர் பட்டறை:
ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பெயர் தெரியாமல் ஒரு டூலைக்கூடத் தொட்டதில்லை, அதனால் சொல்கிறேன். டீச்சர், 'கருவி' ரொம்ப அகலம். சுத்தியலும் கருவிதான், ஆனால் சுத்தியலை யாரும் கேட்ஜெட் என்பதில்லை. சின்னதாக இருக்கணும், ஒரே ஒரு வேலையைக் கெட்டிக்காரத்தனமாகச் செய்யணும். கண்ணாடி ஊதும் பட்டறைகளில் இதே பெயரில் ஒரு பிடிப்பான் உண்டு. கோப்பையின் வாயைச் சரி செய்யும்போது அடிப்பாகத்தைக் கவ்விப் பிடிக்கும் ஸ்பிரிங் கவ்வி. அதற்கு முன்பு சூடான கம்பியை அடியில் ஒட்டிப் பிடிப்பார்கள், உடைத்து எடுத்தால் தழும்பு விழும். கவ்வி வந்ததும் தழும்பு போனது. பூண்டு உரிக்கிற சின்ன உருளையைக்கூட ஆங்கிலத்தில் கேட்ஜெட் என்பார்கள். நம்மிடம் வந்து பேட்டரி போட்ட சாமானுக்கு மட்டும் என்று சுருங்கிவிட்டது.

தண்டையார்பேட்டை டீச்சர்:
சரி, கருவி அகலம் என்றால் 'பொறி' இருக்கிறது. சிலப்பதிகாரத்து மதுரைக் கோட்டையில் வளைவிற்பொறி வருகிறது, தானே வளைந்து அம்பு எய்வது. எலிப்பொறியும் பொறி, சோழரின் புலிச் சின்னமான புலிப்பொறியும் பொறி. ஆங்கிலத்தில் 'டிவைஸ்' என்ற சொல்லுக்கும் கருவி, தந்திரம், கேடயத்தில் பொறிக்கும் சின்னம் என்று அர்த்தங்கள் உண்டு. இரண்டு மொழியும் ஒரே பக்கம் யோசித்திருப்பதைப் பார்த்தால் எனக்குச் சிலிர்க்கிறது. பேர் தெரியாதவன் சொன்ன வார்த்தைக்காக இதை விடணுமா?

இன்னொன்றும் மனசை உறுத்துகிறது. 1945 ஜூலை 16 அன்று நியூ மெக்சிகோ பாலைவனத்தில் முதல் அணுகுண்டை வெடித்துப் பார்த்தார்களே, அதை விஞ்ஞானிகள் 'கேட்ஜெட்' என்றுதான் அழைத்தார்கள். பேர் சொல்லக் கூடாததை மறைக்கவும் இந்தச் சொல் உதவியிருக்கிறது. பிள்ளைகள் நடமாடும் கடைக்கு அது வேண்டாம்.

காசிமேடு லாஞ்சு:
அணுகுண்டுக்கு வார்த்தை என்ன பண்ணும் டீச்சர்? 'பொறி' என்று போர்டு போட்டால் எலிப்பொறி கேட்டுத்தான் வருவார்கள். அதையும் யோசியுங்கள்.

பஜார் கடைக்காரன்:
சிலைக் கதை தப்பு என்று ஒத்துக்கொள்கிறேன். ஆனால் டீச்சர், நம்ம ஜனங்கள் இதற்கு ஏற்கெனவே ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். எங்கள் அம்மாவுக்குக் காலையில் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பட்டையில் வைப்போம். அது எண்ணைக் காட்டுவதற்குள், "சுகர் மிஷின் இன்னா சொல்லுது?" என்பார். காதில் மாட்டுவது காது மிஷின். பிரஷர் பார்ப்பது பிரஷர் மிஷின். கருவி, சாதனம், கேட்ஜெட் எதுவும் அவர் வாயில் வராது.

பெரம்பூர் பட்டறை:
மிஷின் சரிதான், ஆனால் செல்லை யாரும் மிஷின் என்பதில்லையே. பவர் பேங்கையும் சொல்ல மாட்டார்கள். எல்லாவற்றையும் ஒரே சொல்லில் அடக்குவானேன்? எங்கள் ஸ்டோர்ஸில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பெயர் எழுதித்தான் வைத்திருந்தோம்.

வண்ணை ரிப்பேர்:
எல்லாருக்கும் நன்றி. தம்பியையும் அப்பாவையும் உட்கார வைத்துப் படித்துக் காட்டினேன். 'கேட்ஜெட்' வேண்டாம் என்று தம்பியே சொல்லிவிட்டான். பேர் தெரியாதவன் சொல்கிற வார்த்தையை ரிப்பேர் பண்ணுகிறவன் போடக் கூடாதாம். 'செல், வாட்ச், ஸ்பீக்கர், காது மிஷின் - பழுது பார்க்கப்படும்' என்று எழுதப் போகிறோம்.

தண்டையார்பேட்டை டீச்சர்:
'பழுது' கிடைத்ததே, அது நல்ல தமிழ். ஆனால் 'காது மிஷின்' எனக்குச் சம்மதமில்லை. செவிக்கருவி என்று எழுதுங்கள் தம்பி, சின்ன எழுத்திலாவது.

காசிமேடு லாஞ்சு:
எழுதினாலும் எழுதாவிட்டாலும் ஜூன் 14 ராத்திரி மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது. எங்கள் ஜி.பி.எஸ். பெட்டியில் உப்புத்தண்ணி இறங்கித் திரை பாதி கறுத்துப்போய் இருக்கிறது. தம்பி அதைப் பார்ப்பானா?

வண்ணை ரிப்பேர்:
கொண்டு வாங்க அண்ணே, பிரித்துப் பார்ப்பான். அதையும் போர்டில் சேர்க்கச் சொல்கிறேன்.