இத்தாலிய மொழி அறிந்தோரின் உதவி தேவை

வணக்கம். காப்ரியேலே சால்வத்தோரெஸ் இயக்கி 1991இல் வெளிவந்து, வெளிநாட்டு மொழிப் படத்துக்கான ஆஸ்கர் வென்ற ‘மெடிட்டெரானியோ’ படத்துக்குத் தமிழில் வசனவரிகள் எழுதி வருகிறேன். கிரேக்கத் தீவொன்றுக்கு அனுப்பப்பட்ட இத்தாலியப் படைவீரர்கள், இருட்டில் அடையாளச் சொல் கேட்டும் பதில் வராததால் தங்கள் கழுதையையே சுட்டுவிட, அதை உயிராக வளர்த்தவர் ஆத்திரத்தில் வானொலிக் கருவியை உடைத்துவிடும் இடத்தில், ஆங்கில வசனவரிகளை மட்டும் நம்பி எழுதியதால் பேச்சின் நகைச்சுவை கைநழுவிவிட்டது. மேலும், படத்தின் இறுதியில் வரும் அர்ப்பணிப்பு வரியிலுள்ள ‘ஸ்கப்பாரே’ என்ற வினைக்குத் ‘தப்பித்தல்’ பொருந்துமா, ‘ஓடிப்போதல்’ பொருந்துமா? இழிவுக்குறிப்பு தொனிக்காத சொல்லையே விரும்புகிறேன். மூலத்தைக் கேட்டுப் புரிந்துகொள்ளக்கூடியவர்கள் என் வரைவை ஒருமுறை ஒப்பிட்டுத் திருத்தித் தந்தால் மிகவும் நன்றியுடையவனாவேன்.