மறுமொழி: ‘ஓவர் எக்ஸ்பிரஷன்’ – மிகைவெளிப்பாடு என்றே வைப்போம்

வணக்கம் அண்ணா, மற்ற எல்லோருக்கும்.

ஒரு மரபணுவின் விளைபொருள் அளவுக்கு மேல் உண்டாவதைச் சொல்லும் ‘ஓவர் எக்ஸ்பிரஷன்’ (overexpression) என்பதற்கு நம் சொற்பட்டியலில் ‘உயர்வெளிப்பாடு’ போதும் என்று நீங்கள் எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன், உடன்பட முடியவில்லை. உயர்வு வேறு, மிகை வேறு. பழ ஈயின் முளையத்தையே எடுங்கள். அரை மில்லிமீற்றர் நீளமுள்ள அந்த முட்டையின் முன்முனையில் பைகொயிட் புரதம் இயல்பாகவே செறிந்திருக்கும், பின்னால் போகப் போகக் குறையும், அந்த ஏற்றத்தாழ்வை வைத்துத்தான் எது தலை, எது நெஞ்சு என்று தீர்மானமாகிறது. முன்முனையில் இருப்பது உயர்வு; அது இருக்க வேண்டிய அளவு. தாய் ஈக்கு அந்தப் புரதத்தை ஆக்கும் பைகொயிட் மரபணுவின் பிரதிகளைக் கூட்டிக் கொடுத்து முட்டையில் புரதத்தை ஏற்றிவிட்டால் அதுதான் மிகை. 1988இல் ஆய்வாளர்கள் டிரீவரும் நுஸ்லைன்-ஃபோல்ஹார்டும் இதைச் செய்து பார்த்தபோது, தலைப் பகுதிக்குப் பின்னால் விழும் மடிப்பு இன்னும் பின்னுக்குத் தள்ளிப்போனது, தலைக்கான பகுதி அகன்றது. (அந்த மடிப்பைத் ‘தலைச்சால்’ என்று எழுதிவருகிறேன். உழவுச் சால் மாதிரியே இருக்கும். மறுப்பிருந்தால் தனி இழையில் பேசலாம்.)

அப்புறம், மிகைக்கு எதிராகக் ‘குறை’ கையிலேயே இருக்கிறது. குறைவெளிப்பாடு, மிகைவெளிப்பாடு: சோடியாக நிற்கும். ‘அதீத வெளிப்பாடு’ வேண்டவே வேண்டாம்.

போன கிழமை வெள்ளவத்தையில் உயர்தர வகுப்பில் இந்தச் சொல்லைப் பலகையில் எழுதினேன். முன் வாங்கில் இருந்த பிள்ளை, “சேர், அப்ப மரபணு கூடிப்போச்சா?” என்றாள். சரியான இடத்தில் பிடித்துவிட்டாள். கூடுவது மரபணுவிலிருந்து ஆக்கப்படும் ஆர்.என்.ஏ.யும் புரதமும்தான்; பிரதிகளைக் கூட்டுவது அதற்கு ஒரு வழி, மதுவத்திலிருந்து (ஈஸ்ட்) எடுத்த Gal4 என்ற புரதத்தால் மரபணுவை முடுக்கிவிடுவது இன்னொரு வழி. ஆகவே சொற்பட்டியலில் வெறும் சொல்லை மட்டும் போடாமல், ‘மரபணுவின் விளைபொருள் இயல்பளவுக்கு மேல் உண்டாதல்’ என்று ஒரு வரி விளக்கமும் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஆனால் கண்டதுக்கெல்லாம் மிகைவெளிப்பாடு என்று போடுவதும் பிழை. அன்டெனபீடியா, பழ ஈயின் நெஞ்சுப் பகுதியில் வேலை செய்கிற மரபணு. 1987இல் வெப்பமூட்டி அதை உடம்பு முழுக்க இயங்கவைத்தபோது, ஈயின் தலையில் உணர்கொம்பு இருக்க வேண்டிய இடத்தில் கால் முளைத்தது! அங்கே சிக்கல் அளவில் அல்ல, இடத்தில். அதற்கு ‘இடம்பிறழ் வெளிப்பாடு’ என்று தனிச்சொல் வைப்போம். இரண்டும் சேர்ந்தே நடப்பதும் உண்டு: நரம்புக் கலமாகும் தகுதியைத் தரும் அசீட், ஸ்கியூட் மரபணுக்கள் கூடுதலாகவும் வேண்டாத இடத்திலும் இயங்கினால் செட்டையில் மேலதிகப் புலன்மயிர்கள் முளைக்கும். அப்போது இரண்டு சொல்லையும் எழுத வேண்டியதுதான்.

கடைசியாக, தட்டச்சும்போது தயவுசெய்து ‘மிகைவெளிப்பாடு’ என்பதை ஒரே சொல்லாகச் சேர்த்து எழுதுங்கள். இடைவெளி விட்டால் பிள்ளைகள் ‘மிகைப்படுத்திக் காட்டுவது’ என்றே வாசிக்கிறார்கள், என் வகுப்பில் மூன்று பேர் அப்படித்தான் விடை எழுதியிருந்தார்கள்.