உதவி: கெக்குக்கு மாத்தின ஐபிஏ பியர் ரெண்டு வாரத்துல பழுப்பாகுது, காத்து எங்க புகுது?

ஹாப்ஸ்கொடி:
வீட்டுல காய்ச்சின 20 லிட்டர் ஐபிஏ (ஹாப் பூ வாசனை தூக்கலான பியர்), டிரை ஹாப் (காய்ச்சி முடிச்ச பியர்ல ஹாப் பூ போடறது) தாராளமா. ஃபெர்மெண்டர்ல (நொதிக்க வைக்கற பாத்திரம்) இருக்கறவரை வெளிர் மஞ்சள், வாசனை தூக்கல். கெக்குக்கு (அழுத்தம் தாங்கற பியர் பீப்பாய்) மாத்தி ரெண்டு வாரத்துல பழுப்பாகி, ஹாப் வாசனை போய், நனைஞ்ச அட்டை மாதிரி ஒரு ருசி. புளிப்பு இல்ல.

செய்முறை: ஃபெர்மெண்டர் பிளாஸ்டிக், அடியில டேப் (திறந்து மூடற குழாய்). 19 லிட்டர் கெக்கோட மூடியைத் திறந்து அரை நிமிஷம் கார்பன் டை ஆக்சைடு விடறேன், கனமான வாயு அடியில தங்கும்னு. அப்புறம் சிலிக்கான் டியூபை அடிவரைக்கும் இறக்கி நிரப்பி, மூடி போட்டு 2 பார் அழுத்தத்துல 3 தடவை கேஸ் ஏத்தி வெளிய விடறேன். தப்பு எதுல?

நுரைமானி:
புளிப்பு இல்லாம அட்டை ருசின்னா கிருமி இல்ல, ஆக்சிஜன்தான். கனமான வாயு அடியில தங்கும்ங்கறதை நம்பாதீங்க. மூடி திறந்திருந்தா ரெண்டு வாயுவும் சீக்கிரமே கலந்துடும்.

கணக்கு பாருங்க. அரை லிட்டர் காத்துல ஏறக்குறைய 140 மில்லிகிராம் ஆக்சிஜன். 19 லிட்டர் பியர்ல அது கரைஞ்சா லிட்டருக்கு 7 மில்லிகிராம். பெரிய ஆலைகள் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்குக் கீழ வைக்கப் பாக்கறாங்க. கடைசியில 3 தடவை ஏத்தி இறக்கறது மேல இருக்கற வாயுவைத்தான் சுத்தம் பண்ணும். நிரம்பும்போது பியர் குடிச்ச ஆக்சிஜன் திரும்பி வராது.

காலி கெக்கை ஏத்தி இறக்கியே சுத்தம் பண்ணலாம்தான். 2 பார்ல ஒவ்வொரு தடவையும் ஆக்சிஜன் மூணுல ஒரு பங்காகும். காத்தோட 21%லிருந்து 3 தடவைக்கு 0.8% மிச்சம், 10 தடவைக்கு பத்து லட்சத்துல 4 பங்குதான். ஆனா அந்த 10 தடவைக்கு முக்கால் கிலோ கேஸ் காலி.

அதை விட இது மேல்: கெக்கை சானிடைசரால (பாத்திரத்துல கிருமி நீக்கற கரைசல்) வாய்வரை நிரப்பி மூடுங்க. கேஸ் போஸ்ட் (கெக்குக்கு கேஸ் ஏத்தற இணைப்பு) உசரத்துல வர்ற மாதிரி சாய்ச்சு, மூடிக்கு அடியில நிக்கற குமிழை வெளியேத்தி, குறைஞ்ச இடத்தை சானிடைசரால நிரப்புங்க. இதை விட்டா அந்தக் குமிழ் உள்ளயே தங்கிடும். அப்புறம் கேஸ் போஸ்ட்ல 0.3 பார் கொடுத்து லிக்விட் போஸ்ட் (கெக்கோட அடிவரைக்கும் குழாய் போற பியர் இணைப்பு) வழியா மொத்தத்தையும் தள்ளிடுங்க. 50 கிராம் கேஸ் போதும். மூடியை முதல்ல 2 பார்ல அழுத்தி உக்கார வையுங்க, குறைஞ்ச அழுத்தத்துல பல மூடி கசியும்.

மால்ட்குடுவை:
மாத்தறதுக்கு கேஸே வேண்டாம், உயரம் போதும். ஃபெர்மெண்டரை மேசை மேல, கெக்கைத் தரையில வையுங்க. டேப்பிலிருந்து ஒரு டியூப் லிக்விட் போஸ்டுக்கு. கேஸ் போஸ்டிலிருந்து இன்னொண்ணு ஃபெர்மெண்டரோட ஏர்லாக் (கேஸை வெளிய விட்டு காத்தைத் தடுக்கற தண்ணி அடைப்பு) ஓட்டைக்கு. பியர் இறங்க இறங்க கெக்குல இருக்கற கேஸ் மேல ஏறி அந்த இடத்தை நிரப்பும்.

இணைக்கறதுக்கு முன்னாடி கெக் அழுத்தத்தைப் பூஜ்யத்துக்கு இறக்குங்க. இல்லேன்னா கேஸ் பின்னோக்கி அடிச்சு அடிமண்டியைக் கலக்கிடும். டியூப்ல இருக்கற காத்தையும் விடாதீங்க: டிஸ்கனெக்டோட (போஸ்ட்ல மாட்டற டியூப் முனை) ஊசியை சுத்தமான கம்பியால அழுத்தி, குமிழ் நிக்கறவரை பியரை ஓடவிட்டு அப்புறம் மாட்டுங்க. எவ்வளவு நிரம்பிச்சுன்னு பாக்க கெக்கைத் தராசு மேல வெச்சாலே போதும்.

சிலிக்கான் டியூபை மாத்துங்க, ஆக்சிஜன் அதுக்குள்ள ஊடுருவும். பியர் லைனுக்குன்னே வர்ற, ஆக்சிஜனைத் தடுக்கற டியூப் வாங்குங்க.

ஹாப்ஸ்கொடி:
மாத்தறதுக்கு முன்னாடி 2 டிகிரிக்குக் குளிர வைக்கறேன், ஏர்லாக்கோட. ஏர்லாக் தண்ணி உள்ள போயிடுது. அதுவும் காரணமா? அப்புறம், இன்னொரு தொகுதி கண்ணாடிக் குடுவையில இருக்கு. அதை கேஸ் அழுத்தத்துல தள்ளலாமா?

நுரைமானி:
கண்ணாடிக்கு அழுத்தமே கூடாது, வெடிச்சா கை கண்ணு போயிடும். பிரஷர் தாங்கும்னு பொறிச்சிருக்கற பாத்திரத்தைத் தவிர எதுக்கும் கேஸ் ஏத்தாதீங்க. உங்க பிளாஸ்டிக்குக்கும் இதே பேச்சு.

தண்ணி உள்ள போகுதுன்னா பின்னாலயே காத்தும் போகுது. 20 டிகிரியிலிருந்து 2க்கு இறங்கினா மேல்வெளி வாயு 6% சுருங்கும். அதை விடப் பெரிசு, குளிர்ந்த பியர் இன்னும் நிறைய கார்பன் டை ஆக்சைடைக் கரைச்சு இழுத்துக்கும். நொதிக்கும்போது வர்ற கேஸை ஒரு ஃபாயில் பைல பிடிச்சு, ஏர்லாக் ஓட்டையில மாட்டிட்டுக் குளிர வையுங்க. ரப்பர் பலூன் வேண்டாம், கசியும்.

மால்ட்குடுவை:
அந்த நொதி கேஸை வெச்சே கெக்கையும் சுத்தம் பண்ணலாம். நொதிச்சு அடர்த்தி 1.050லிருந்து 1.010க்கு இறங்கற 20 லிட்டர் வொர்ட் (பியராகறதுக்கு முன்னாடி இருக்கற மால்ட் சாறு) 400 லிட்டருக்கு மேல கேஸ் விடும். அதை லிக்விட் போஸ்ட் வழியா கெக்குக்குள்ள விட்டு, கேஸ் போஸ்டிலிருந்து ஒரு டியூபைத் தண்ணி வாளிக்குள்ள விடுங்க. நுரை பொங்கி டியூப் அடைக்காம இருக்க, நடுவுல ஒரு காலி ஜாடி வையுங்க.

கூடுதல் காப்புக்கு, 20 லிட்டருக்கு 0.3 கிராம் பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட்டை நொதி கேஸ் விடறதுக்காகக் கெக்கை மூடறதுக்கு முன்னாடியே போடலாம். சல்ஃபைட் ஒத்துக்காத ஆஸ்துமாக்காரங்க குடிக்கப்போறாங்கன்னா போடாதீங்க.