தைலம் காய்ச்ச ஐந்து பேர், வாங்க ஒரே ஆள்: என்ன செய்யலாம்?

தைலக்காரி:
நீலகிரியில் கற்பூர மரத்து (யூகலிப்டஸ்) இலையைப் பொறுக்கித் தைலம் காய்ச்சுகிறோம். ஐந்து பெண்கள், ஒரே அடுப்பு. எங்களுக்குள் கணக்கு நோட்டே கிடையாது. நனைந்த இலை எடை கூடுதலாகக் காட்டும். அதை யாரும் மூட்டையில் திணிக்க மாட்டோம். போன மாதம் ஒருத்தி காய்ச்சலில் படுத்தாள். அவள் மூட்டையை நாங்கள் நால்வரும் நிரப்பினோம். ராத்திரி தீ பார்க்க முறை வைத்திருக்கிறோம். இதுவரை யாரும் தூங்கிவிட்டதில்லை.

ஆனால் எண்ணெய் கேனுக்குப் போனதும் எல்லாரும் ஊமை. ஒரே வியாபாரி, அவர் சொல்வதுதான் விலை. ஐந்து பேரும் அவரிடம் முன்பணம் வாங்கியிருக்கிறோம். என் மகள் பிரசவத்துக்கு நடுராத்திரியில் பணம் கொடுத்தவர் அவர். வேறு ஆள் தேடினால் துரோகமா?

பழைய அடுப்புக்காரர்:
துரோகமில்லை தங்கச்சி. கடன் வேறு, விலை வேறு. இரண்டையும் ஒரே நாளில் பேசாதீர்கள். புது ஆள் முதலில் கேட்பது கலப்படம் உண்டா என்றுதான். மருந்துக்கு வாங்குகிறவர்கள், தைலத்தின் முக்கியச் சத்தான சினியோல் 70 சதவீதமாவது இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒவ்வொரு ஈட்டிலும் ஒரு சின்னக் குப்பி எடுத்துத் தேதி எழுதி வையுங்கள். உங்களுக்குள் இருக்கிற நம்பிக்கை வெளியாளுக்குத் தெரியாது. குப்பியைக் காட்டினால் தெரியும்.

குழுச் செயலாளர்:
அக்கா, மகளிர் சுய உதவிக் குழுவில் இருக்கிறீர்களா? தமிழ்நாட்டில் இது 1989இல் தர்மபுரியில் தொடங்கியது. குழுக் கடனில் முதலில் முன்பணக் கடனை அடைத்துவிடுங்கள், ஐந்து பேருக்கும் சேர்த்தே. ஒருத்தி கடன் மட்டும் மிஞ்சினால் விலை பேசும்போது அவளால் உங்கள் பக்கம் நிற்க முடியாது. நோட்டு போடச் சொன்னால் சந்தேகப்படுவதாக நினைக்காதீர்கள். வங்கிக்கு அதுதான் சாட்சி.

சமூகவியல் மாணவன்:
1973இல் அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் எழுதியது இதற்குப் பொருந்தும். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததே. புதுச் செய்தி அரைகுறைப் பழக்கமுள்ளவர்களிடமிருந்து வரும். வேறு அடுப்புக்காரர்கள் யாருக்கு விற்கிறார்கள் என்று கேட்டதுண்டா?

தைலக்காரி:
கேட்டதே இல்லை தம்பி. பக்கத்துப் பள்ளத்தாக்கில் இரண்டு அடுப்பு எரிகிறது, புகையை மட்டும் பார்த்திருக்கிறேன். ஞாயிறு போகிறேன். இன்றைய ஈட்டில் குப்பி எடுத்தாயிற்று அண்ணா.